மீதிக் கதை எங்கே?

தீபாவளி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த என் பேரன், ஒரு மாலை வேளையில் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஏமாத்துக்காரர் தாத்தா அந்த ஆளு!" என்று பெருமூச்செறிந்தான். யாரோ அவனிடம் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் இருக்கிறார் போலும் என்று எண்ணி, "எவ்வளவு அப்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டு புத்தகம்" என்றான்.

விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. அமெரிக்காவில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்று ஓர் ஆசிரியர். நெருப்பை உமிழ்ந்துகொண்டு பறக்கும் டிராகன்களும், ஏழு ராஜ்யங்களும், வாள்களை உருக்கிச் செய்த ஒரு சிம்மாசனமும் கொண்ட பிரம்மாண்டமான கற்பனைக் கதையை 1996ஆம் ஆண்டில் தொடங்கினார். இரண்டாம் நூல் 1998இலும் மூன்றாவது 2000இலும் வந்தன. அப்புறம் நடை தளர்ந்துவிட்டது. நான்காவதற்கு 2005 வரையிலும், ஐந்தாவதற்கு 2011 வரையிலும் வாசகர்கள் காத்துக் கிடந்தார்கள். மொத்தம் ஏழு நூல்கள் என்பது ஆசிரியர் தந்த வாக்கு. என் பேரன் ஆத்திரப்பட்ட அந்த மாலை வரையில் ஆறாவது வரவில்லை.

இதற்கு நடுவில் டெலிவிஷன்காரர்கள் புகுந்தார்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற தொடர் 2011 ஏப்ரலில் ஆரம்பமாயிற்று. ஆசிரியர் நடந்தார், இவர்கள் ஓடினார்கள். 2016இல் வந்த ஆறாம் பருவத்தில் நூலைத் தாண்டிப் போய், 2019 மே மாதத்தில் முடிவையும் காட்டிவிட்டார்கள். அந்த முடிவு ரசிகர்களுக்குச் சகிக்கவில்லை. கடைசிப் பருவத்தைப் புதிதாக எடுக்க வேண்டும் என்று கோரிய மனுவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். தன் பெயரும் அதில் உண்டு என்று பேரன் சற்றுப் பெருமையோடு சொன்னான்.

"அவருக்கும் வயசாகுது தாத்தா. 1948இல பொறந்தவரு. எழுதாமலே போய்ச் சேர்ந்துட்டா நாங்க என்ன பண்றது?"

இந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஏனென்றால் எங்கள் லயத்தில் அது ஒரு முறை நடந்தே இருக்கிறது.

என் தகப்பனார் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஸ்டோரில் வேலை பார்த்தவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததுதான் அவருடைய கல்வி. அடுத்த லயத்தில் ஒரு சிநேகிதர் இருந்தார். நான் மாமா என்று அழைப்பேன். இருவரும் காசு கூட்டி 'கல்கி' வாரப் பத்திரிகையை வாங்கினார்கள். சென்னையில் அச்சாகி, கடல் கடந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி ஹட்டன் கடைக்கு அது வந்து சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரில் ஒருவர் ஹட்டனுக்கு நடந்து போய் வாங்கி வருவார். மழைக்காலத்தில் எங்கேயாவது மண் சரிந்து ரயில் நின்றுவிட்டால், வெறுங்கையோடு திரும்புவார். அன்று வீட்டில் ஒருவரும் அவரோடு பேச மாட்டோம்.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரையில் வெளிவந்தது. முதல் அத்தியாயம் வந்தபோது எனக்கு ஆறு வயது. ஞாயிறு இரவு எங்கள் காம்பராவின் இஸ்தோப்பில் குப்பி லாம்பை வைத்துத் தகப்பனார் உரக்கப் படிப்பார். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. மேட்டு லயத்து அம்மாயி ஒருத்தி எல்லாருக்கும் முன்னால் வந்து இடம் பிடித்துக்கொள்வாள். முதல் வாரம் கதை 'தொடரும்' என்று நின்றவுடன் அவள் கேட்ட கேள்வி எங்கள் தோட்டத்தில் பழமொழியாகவே ஆகிவிட்டது.

"ஏப்பா, மீதிக் கதை எங்கே? நீ மட்டும் படிக்கணும்னு ஒளிச்சு வச்சிருக்கியா?"

தகப்பனார் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இங்கே பாருங்க அம்மாயி, தொடரும்னு போட்டிருக்கு" என்றார்.

"என்னா போட்டிருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் அவள். நியாயந்தானே?

அம்மாயியைக் குறை சொல்ல முடியாது. மாசி மாதத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும்போதே, மன்மதன் எரியப்போகிறான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். பொன்னரும் சங்கரும் மடியப்போகிறார்கள் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் விடிய விடியப் பனியில் உட்கார்ந்து பார்த்தார்கள், தெரிந்துகொண்டுதான் அழுதார்கள். முடிவு தெரியாத கதையை வயிற்றில் கட்டிக்கொண்டு ஏழு நாள் கொழுந்து பறிப்பது என்பது அந்த ஜனங்களுக்குப் புத்தம் புதிய வேதனை. பொறுமையின்மை என்ற நோயை எங்கள் மலைக்குக் கொண்டுவந்தது வாரப் பத்திரிகைதான் என்று நான் நினைக்கிறேன். அது நல்ல நோய்.

இரண்டாம் பாகத்தில் கதை எங்கள் நாட்டுக்கே வந்துவிட்டது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு வலிக்க, வந்தியத்தேவன் இலங்கைக்கு வருகிறான். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் பாட்டன் பாட்டிகள் அதே கடலைக் கடந்து, மன்னார்க் காட்டு வழியாக மலைக்கு நடந்து வந்தவர்கள். "கரையேறி எந்தத் தோட்டத்திலே பேரு பதிஞ்சான்?" என்று அம்மாயி கேட்டதும் இஸ்தோப்பு சிரிப்பில் அதிர்ந்தது. ஆனால் அனுராதபுரத்தில் பிக்ஷுக்கள் அளித்த இலங்கைச் சிம்மாசனத்தை அருள்மொழி வேண்டாம் என்று மறுக்கும் அத்தியாயத்தைப் படித்த இரவில் யாரும் சிரிக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிரஜாவுரிமையும், அதற்கு அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோனவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். "குடுத்தப்போ வாங்கி வச்சிருக்கலாம்" என்று மாமா மெல்லச் சொன்னார்.

1954 மே மாதத்தில் கதை முடிந்தபோது எங்கள் லயத்தில் பெருங்கோபம் மூண்டது. மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு, கதவைப் பாதியில் சாத்தியதுபோல் இருந்தது. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் ஆயிற்றா? நந்தினி என்ன ஆனாள்? இந்தக் குறை எங்களுக்கு மட்டும் உரியது அன்று. வாசகர்களின் மனக்குறையை அறிந்த கல்கி, முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்களுக்குப் பின்னால் நேர்ந்தவற்றை விளக்கினார். அதற்கு முன்னமே தகப்பனார் மூன்று இரவு விழித்திருந்து ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார். 'அநியாயம்' என்ற சொல் அதில் நான்கு இடங்களில் வருகிறது. எழுதி முடித்ததும் கோபம் தணிந்தது. கோபம் தணிந்ததும் அனுப்பக் கூச்சமாகிவிட்டது. திருத்தி எழுதலாம் என்று வைத்திருந்தார்.

அந்த டிசம்பர் 5ஆம் தேதி கல்கி காலமானார். அவருக்கு வயது 55. 'அமரதாரா' என்ற அடுத்த தொடர்கதை பாதியில் நின்றது. பின்னர் அவருடைய மகள் ஆனந்தி, தந்தையார் விட்டுச்சென்ற குறிப்புகளைக்கொண்டு அதை முடித்தார். செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமையும் அம்மாயி இஸ்தோப்புக்கு வந்தாள். மீதிக் கதை எங்கே என்று அன்று அவள் கேட்கவில்லை. ஆனால் தகப்பனார் அதற்குப் பிறகு எந்த எழுத்தாளரைப் பற்றியும் கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. வாராவாரம் தவறாமல் எழுதியவரிடமே நாங்கள் அவ்வளவு ஆத்திரப்பட்டோம்; ஆண்டுக்கணக்கில் காக்க வைத்த மார்ட்டினைத் தகப்பனார் என்ன சொல்லியிருப்பாரோ!

படம் எடுக்கும் கதை தனிக் கதை. எம்.ஜி.ஆர். 1958இல் 'பொன்னியின் செல்வ'னின் உரிமையை வாங்கினார், கைகூடவில்லை. பிறகு பலர் முயன்றார்கள். கடைசியில் மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பரிலும், அதன் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தன. ஒரு கதை திரைக்கு வர ஏறக்குறைய எழுபது ஆண்டுகள்! நுவரெலியாவிலிருந்து என் தங்கை வந்திருந்த சமயம், வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்தோம். இலங்கைக் கடலைக் கண்டதும் அவள் கைதட்டினாள். படம் முடிந்ததும் எழுந்து, "மணிமேகலை எங்கே அண்ணே? அந்தப் பிள்ளையை விட்டுட்டாங்களே!" என்று அழாக் குறையாகக் கேட்டாள். ஆம், மணிமேகலையை அடியோடு எடுத்துவிட்டார்கள். சேந்தன் அமுதனுக்கு நூலில் கிடைத்த கிரீடமும் படத்தில் கிடைக்கவில்லை. என் தங்கை எந்த மனுவிலும் கையெழுத்திடவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவே.

பேரனிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்ப நாங்க பொறுமையா இருக்கணும்னு சொல்றீங்களா?" என்றான்.

அப்படி நான் சொல்லவில்லை. என் மனத்தை அரித்தது வேறொன்று. எங்கள் மலையிலும் மெதுவாக எழுதியவர் ஒருவர் இருந்தார், என்.எஸ்.எம். இராமையா. 1960களின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற சிறுகதையை வாசித்தபோது, எங்கள் தாய்மார்கள் முதன்முதலாக அச்சில் ஏறி நின்றதைக் கண்டேன். அவர் எழுதியவை கொஞ்சம். கதைகள் தொகுதியாக வெளிவந்தது 1980இல்தான். 1990இல் அவர் மறைந்தார். அந்த ஆண்டுகளில் எத்தனை பேர் ஹட்டன் கடை வாசலில் நின்று "இராமையா அடுத்த கதை எழுதினாரா?" என்று கேட்டோம்? நான் கேட்கவில்லை. சோழ இளவரசனுக்காக மழையில் நடந்த நாங்கள், எங்கள் சொந்தக் கதையை எழுதியவரை ஒரு தபால் அட்டை போட்டும் தொந்தரவு செய்யவில்லை. பத்து லட்சம் பேர் முற்றுகையிட்டுக் கேட்பது அந்த அமெரிக்க ஆசிரியருக்குத் தலைவேதனையாகத்தான் இருக்கும். ஒருவருமே கேட்காமல் எழுதிக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும்?

பேரன் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்தான். பத்திரிகையிலிருந்து மணியத்தின் சித்திரங்களோடு பிரித்தெடுத்து, தகப்பனாரும் மாமாவும் பசை காய்ச்சிக் கட்டிய பாகங்கள் அங்கே இருக்கின்றன. பாதி இவர் வீட்டிலும் பாதி அவர் வீட்டிலுமாக அவை மாறி மாறி இருக்கும். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மாமாவின் குடும்பத்துக்கு இந்தியா என்று விதித்தார்கள். 1972இல் அவர்கள் தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். "படிச்சுக்கிட்டிருக்கேன், முடிச்சதும் அனுப்பறேன்" என்று சொல்லி, மூன்றாம் பாகமான 'கொலை வாள்' அவருடைய பெட்டியில் போயிற்று. கூடலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு இல்லை. பின்னாளில் நான் புத்தகமாக அச்சான மூன்றாம் பாகத்தை வாங்கி வந்து கொடுத்தேன். தகப்பனார் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா நம்மளுது வரும்" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். 1981இல் கண்ணை மூடும் வரையில் அலமாரியில் அதற்கு இடம் விட்டே வைத்திருந்தார்.

ஐந்தாம் பாகத்தை எடுத்துப் பிரித்த பேரன், நடுவில் மடித்து வைத்திருந்த பழுப்புக் காகிதத்தைக் கண்டான். லாம்பு வெளிச்சத்தில் எழுதிய எழுத்து; மெல்ல மெல்லத்தான் படிக்க முடியும். முழுவதையும் நின்றபடியே படித்தான். மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தான். பாகத்தை அலமாரியில் செருகும்போது, இரண்டாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அவன் கை நின்றது.

"இது எங்கே தாத்தா?"

"கூடலூரிலே" என்றேன்.