பி.பி.ஏ. படிப்பு: நம் பிள்ளைகளைச் சேர்க்கும் முன் தெரிந்துகொள்வோம்



ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, சந்தா பேச்செல்லாம் பின்னுக்குப் போய்விடும். "அக்கா, பொண்ணை எதுல சேர்க்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. சில வருடங்களாக ஒரு பெயர் அதிகம் காதில் விழுகிறது. அதுதான் பி.பி.ஏ. "மேனேஜர் படிப்பாமே, முடிச்ச உடனே கம்பெனியில மேனேஜர் ஆகிடலாமாமே" என்று ஒரு சகோதரி கேட்டார். இன்னொருவர், "கட்டிக் கொடுக்கிற பொண்ணுக்கு மேனேஜர் படிப்பு எதுக்கு?" என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நம் குழு ஒன்றில், மகளைக் கல்லூரியில் சேர்க்க ஓர் உறுப்பினர் 40,000 ரூபாய் உள்கடன் கேட்டார். படிப்புக்குத்தானே என்று மறுபேச்சில்லாமல் தீர்மானம் போட்டுக் கொடுத்தோம். எந்தக் கல்லூரி, என்ன படிப்பு, யார் மூலம் சேர்க்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. புரோக்கர் ஒருவர் மூலம் பணம் கட்டி, ஒரிஜினல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டார்கள். பிறகு அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. சான்றிதழைக் கேட்டால் "மூணு வருஷ பீஸையும் கட்டிட்டு வாங்கிக்கோங்க" என்றார்களாம். அலைந்து திரிந்து சான்றிதழை மீட்டார்கள். பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. கடன் மட்டும் முழுசாக நின்றது. நாம் நாலு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது?

பி.பி.ஏ. என்றால் வணிக நிர்வாகவியல் இளங்கலை. மூன்று வருடம், ஆறு செமஸ்டர். தமிழும் ஆங்கிலமும் உண்டு. அதோடு நிர்வாகக் கோட்பாடுகள், கணக்கியல், சந்தைப்படுத்தல், பணியாளர் நிர்வாகம், நிதி நிர்வாகம், வணிகச் சட்டம், தொழில் முனைவு போன்ற பாடங்கள் வரும். பெரும்பாலும் கடைசி வருடத்தில் ஒரு நிறுவனத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலையும் இருக்கும்.

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். இதில் பாதி நமக்குத் தெரிந்ததுதான்! ஹென்றி ஃபயோல் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், சுரங்கக் கம்பெனியை நடத்தியவர். திட்டமிடுவது, ஏற்பாடு செய்வது, கட்டளையிடுவது, ஒருங்கிணைப்பது, கட்டுப்படுத்துவது என்று நிர்வாக வேலையை ஐந்தாகப் பிரித்து 1916-ல் எழுதினார். முதல் வருடத்தில் இவரைப் பற்றிப் படிப்பார்கள். வேலை செய்பவருக்கு ஒருவரிடமிருந்துதான் உத்தரவு வர வேண்டும் என்றும் அவர் சொன்னார். மசாலாப் பொடி யூனிட்டில் ஊக்குநர் ஒன்று சொல்ல, பிரதிநிதி ஒன்று சொல்ல, அரைக்கிற பெண் நடுவில் முழித்துக்கொண்டு நிற்பதை நாம் பார்த்ததில்லையா? அதைத்தான் அவரும் சொல்கிறார்.

இன்னொரு பாடத்தையும் பாருங்கள். யூனிட்டுக்கு மாத வாடகை 2,000, மெஷின் கடன் தவணை 3,000, வண்டி வாடகை 1,000 என்று வைப்போம். ஒரு பாக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் 6,000 ரூபாய் செலவு உறுதி. ஒரு பாக்கெட்டுக்குச் சாமான், அரைப்புக் கூலி, கவர் எல்லாம் சேர்த்து 30 ரூபாய். விற்கும் விலை 40 ரூபாய். பாக்கெட்டுக்கு 10 ரூபாய் மிஞ்சும். அப்படியானால் 6,000 ரூபாயை எடுக்க 600 பாக்கெட் விற்றாக வேண்டும். அதுவரை லாபமும் இல்லை. 500 பாக்கெட் விற்றால் 1,000 ரூபாய் நட்டம். "500 பாக்கெட் வித்துட்டோம், 5,000 ரூபாய் லாபம்" என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருப்போம்! இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பெண் பிள்ளை வீட்டில் இருந்தால், அது அந்த வீட்டுக்கும் குழுவுக்கும் சொத்து. கட்டிக் கொடுத்தாலும் இந்தப் படிப்பு அவளோடுதான் போகும்.

பி.காம். நல்லதா, பி.பி.ஏ. நல்லதா?

பி.காம். கணக்கு, வரி, தணிக்கை ஆகியவற்றில் ஆழமாகப் போகும். பி.பி.ஏ. ஒரு தொழிலின் எல்லாப் பக்கங்களையும் தொட்டுச் செல்லும். ஆடிட்டர் அலுவலகம், வரி வேலை என்று ஆசைப்படும் பிள்ளைக்கு பி.காம். பொருத்தம். பள்ளியில் வணிகவியல் ஆசிரியர் ஆக வேண்டும் என்றாலும் பி.காம்., எம்.காம்., பி.எட். என்று போவதுதான் நேர் வழி. நாலு பேரிடம் பேசிப் பழகுவது, விற்பனை, சொந்தத் தொழில் என்று விருப்பம் உள்ள பிள்ளைக்கு பி.பி.ஏ. ஒத்துவரும். ப்ளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் பல கல்லூரிகள் பி.பி.ஏ.வில் சேர்த்துக்கொள்கின்றன. ஆனாலும் அந்தந்தக் கல்லூரி விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முடித்த உடனே மேனேஜர் ஆகலாமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். முதல் வேலை பெரும்பாலும் அலுவலக உதவியாளர், கடை மேற்பார்வை, விற்பனைப் பிரிவு, கடன் நிறுவனத்தில் களப்பணி என்றுதான் இருக்கும். அனுபவம் சேரச் சேர மேலே போகலாம். ஆனால் பி.பி.ஏ.வும் ஒரு பட்டம்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கி கிளார்க், வங்கி அதிகாரி தேர்வுகளை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். எம்.பி.ஏ. படிக்க பி.பி.ஏ. கட்டாயம் இல்லை, எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம். "எம்.பி.ஏ. போகணும்னா இதுதான் படிக்கணும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கே சேர்ப்பது?

முதலில் அரசு கலை அறிவியல் கல்லூரியைப் பாருங்கள். இணையம் வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம். 2024-ல் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 2 ரூபாய் மட்டும்தான். 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. தேதியைத் தவற விடாமல் இருப்பதுதான் முக்கியம்.

தனியார் கல்லூரி என்றால் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ. நடத்தும் கல்லூரிகள் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி பெற வேண்டும் என்று விதி வந்துள்ளது. அந்த அனுமதி இருக்கிறதா? யு.ஜி.சி. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் வெளியிடுகிறது. கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம்.

ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. சேர்க்கையை ரத்து செய்தால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது நாம் எந்தத் தேதியில் எழுதிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தள்ளிப் போட்டால் நமக்குத்தான் நட்டம். வாய்ப் பேச்சு வேண்டாம், எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

குழுவில் மாதம் 2 சதவீத வட்டிக்கு 40,000 வாங்கினால் முதல் மாத வட்டி மட்டும் 800 ரூபாய். தவணையும் அடுத்த மாதமே ஆரம்பம். பிள்ளை சம்பாதிக்கவோ மூன்று வருடம் ஆகும். வங்கிக் கல்விக் கடன் வேறு மாதிரி. பொதுவாக 4 லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை. பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். ஆனால் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். முடிந்தவர்கள் வட்டியை மட்டுமாவது கட்டி வந்தால் பின்னால் பாரம் குறையும். குழுக் கடனைச் சேர்க்கைச் செலவு, பஸ் பாஸ், புத்தகம் என்று சின்னத் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவானது. இந்த வருட நிலவரத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, விண்ணப்பத்தை உடனே கொடுக்கச் சொல்லுங்கள்.

நாமே படிக்கலாமா?

ஏன் கூடாது? ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் கல்யாணம் ஆகி வந்த சகோதரிகள் நம் குழுக்களில் எத்தனையோ பேர். 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் வீட்டிலிருந்தே பட்டப்படிப்பு படிக்கலாம். ஒரு எச்சரிக்கை: பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்காமல் நேராகப் பட்டம் வாங்கினால் அது தமிழ்நாட்டில் அரசு வேலைக்குச் செல்லாது. முதலில் அவற்றை எழுதி முடிப்போம்.

சகோதரிகளே, இனிமேல் படிப்புக்குக் கடன் கேட்டு வந்தால், தீர்மானம் எழுதும் முன்பு இந்த நாலு கேள்விகளைக் கேட்போம்:

1. அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாச்சா?
2. கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா?
3. பணத்தைக் கல்லூரியிலேயே கட்டி ரசீது வாங்குகிறீர்களா, இல்லை புரோக்கர் கையில் கொடுக்கிறீர்களா?
4. இந்தப் படிப்பு பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு அம்மா பதில் சொல்ல வேண்டாம். பிள்ளையைக் கூட்டத்துக்கு அழைத்து வந்து, அவள் வாயால் கேட்போம்.