கோப்பினுள் சொல் தேடல்: ‘இல்லை’ என்னும் விடை

நூலொன்றில் ஒரு சொல் எங்கெங்கு வருகின்றது என்பதை அறிய, நாம் மாணவராயிருந்த காலத்தில் சிறு சீட்டுகளில் சொற்களை எழுதி, அகரவரிசையில் அடுக்கிச் சொல்லடைவு அமைத்தோம். ஒரு நூலுக்கே மாதங்கள் பல கழியும். இன்று திருக்குறள் முழுவதும் ஓர் உரைக்கோப்பில் அடங்கிவிடுகிறது. தேடுவதற்கு ஒரு கட்டளை போதும். ஆனால், அக்கட்டளை ‘இல்லை’ என விடையளிக்கும்போது எதனை இல்லை என்கிறது? அண்மையில் ஆய்வு மாணவர் ஒருவர், திருக்குறளில் ‘பொருள்’ என்னும் சொல் வரும் இடங்களை இவ்வாறு தேடி எண்ணிக் கொண்டுவந்தார். இத்துணைக் குறைவோ என நமக்கு ஐயம் எழுந்தது.

முதலில் கோப்பினுள் நடமாடும் முறையைக் காண்போம். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ‘லெஸ்’ என்னும் நிரலால் கோப்பைத் திறந்தபின், சாய்கோட்டை இட்டுச் சொல்லைத் தட்டினால், பார்வை அச்சொல் வரும் அடுத்த வரிக்குத் தாவும். சிறிய ‘என்’ எழுத்து அதற்கடுத்த இடத்திற்கும், பெரிய ‘என்’ முந்தைய இடத்திற்கும் கொண்டுசெல்லும். பெரிய ‘ஜி’ கோப்பின் இறுதிக்கும், சிறிய ‘ஜி’ தொடக்கத்திற்கும் உரியவை. ஒற்றை மேற்கோள் குறியை இருமுறை தட்டினால், தாவுமுன் நின்ற இடத்திற்கே மீளலாம். ஒப்பிட்டுப் படிப்போர்க்கு இது பேருதவி. கென் தாம்சன் ஆக்கி 1973இல் வெளிவந்த ‘கிரெப்’ கட்டளையோ, சொல் வரும் வரிகளை மட்டும் திரட்டித் தரும்.

இனி மாணவரின் எண்ணிக்கைக்கு வருவோம். 751ஆம் குறளில் ‘பொருள்’ நான்கு முறை பயில்கிறது. ஆயின், புள்ளியோடு ‘பொருள்’ எனத் தட்டித் தேடினால், இறுதியில் நிற்கும் ஒன்றே அகப்படும். நம் இலக்கணத்தில் ‘ள்’ என்னும் மெய்யே முதல். அதனோடு அகரம் சேர ‘ள’ பிறக்கும். ஒருங்குறியில் இது தலைகீழ்: அகரம் ஏறிய ‘ள’ அடிப்படையாக நிற்க, புள்ளி அதன்பின் வரும் தனிக்குறி. ‘பொருளாக’ என்பதில் புள்ளிக்குரிய இடத்தில் ஆகாரக் குறி நிற்பதால், கணினிக்கு அது வேறு சொல். புள்ளியை விடுத்துப் ‘பொருள’ எனத் தேடின் நான்கும் தோன்றும். அப்போதும் ‘கிரெப்’பிடம் எண்ணச் சொன்னால் இரண்டு என்றே கூறும், அது எண்ணுவது வரிகளை, சொற்களை அன்று.

புணர்ச்சி அடுத்த தடை. ளகர ஈறு டகரமாகவும் ணகரமாகவும் திரிதல் பள்ளிப் பாடமேயாயினும், கணினி அதனைப் படித்ததில்லை. ‘பொருட்பெண்டிர்’, ‘பொருண்மாலை’ ஆகியவற்றையும் பிடிக்கச் சதுர அடைப்பை இட்டுப் பொரு[ளடண] எனத் தேடுக. அடைப்பினுள் உள்ள மூன்றனுள் ஒன்று அவ்விடத்தில் இருந்தால் போதும் என்பது அதன் பொருள். ‘பொருட்டு’ என்பதும் வலையில் விழும். அதனைக் களைவது நம் வேலை.

கண்ணால் காணவியலாத தடையும் ஒன்றுண்டு. ‘பொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டும் நிகர் என ஒருங்குறி விதித்திருப்பினும், ‘கிரெப்’ அதனைப் பொருட்படுத்துவதில்லை. இரு கோப்புகளை ஒட்டி அமைத்த மாணவரின் கோப்பில் இரு முறைகளும் கலந்திருந்தன. கோப்பை ஒரே முறைக்கு மாற்றிவிட்டுத் தேடுவதே நேர்வழி. உடனடியாக வேண்டின், முதலெழுத்தை விட்டு ரு[ளடண] எனத் தேடலாம். அருளும் இருளும் மருளும் கூடவே வந்து சேரும். இருக்கட்டும், விடுபடுவதைவிட அது நன்று.

மாணவர் தம் ஆய்வேட்டிலிருந்து பழைய எண்ணை அடித்துவிட்டார். இப்போது வரி வரியாகப் படித்து மீண்டும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.