கையால் கட்டிய படங்காட்டி

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

இன்றைய விஞ்ஞான யுகத்தில் கணினி நுழையாத துறை இல்லை என்றால் அது மிகையாகாது. ஆயினும் கணினியில் ஓடும் நிரல்களை யாரோ, எங்கோ செய்து அனுப்புகிறார்கள் என்றும், பொத்தானை அழுத்துவது மட்டுமே நம் வேலை என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். நாங்களும் சென்ற ஆண்டு வரை அப்படித்தான் எண்ணியிருந்தோம். படங்களைக் காட்டும் ஒரு சிறு நிரலை அதன் மூலத்திலிருந்து நாங்களே கட்டி, கணினியில் நிறுவிய பிறகே அந்த எண்ணம் மாறிற்று. அது எப்படி என்பதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேவை எழுந்த விதம்

நம் பள்ளியின் பழைய புகைப்படங்கள் ஆயிரத்துக்கும் மேல் ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினி அறையில் உள்ளன. பெற்றோர் தினத்தன்று அவற்றைப் பெரிய திரையில் காட்ட வேண்டும் என்று மதர் விரும்பினார்கள். எங்கள் அறையில் இருப்பவையோ 2 ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய கணினிகள். லினக்ஸில் ஓடுபவை. அவற்றில் இருந்த பெரிய புகைப்பட நிரல், எல்லாப் படங்களையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுபடம் தயாரிக்கத் தொடங்கியது. சற்று நேரத்தில் கணினி அசையாமல் நின்றுவிட்டது. "இவற்றைக் கழித்துவிட வேண்டியதுதான்" என்று பேச்சு எழுந்தது. எங்களுக்குக் கணினி கற்பிக்கும் சிஸ்டர் மட்டும், "கணினி மேல் குற்றமில்லை, பிள்ளைகளே! சுமைதான் அதிகம். சுமையைக் குறைத்துப் பார்ப்போம்" என்றார்கள்.

படத்தின் பாரம்

படத்திற்குப் பாரம் உண்டா? உண்டு! 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. கோப்பாக இருக்கும்போது அது சுருக்கி மடிக்கப்பட்டிருக்கும். திரையில் காட்ட வேண்டுமானால் மடிப்பைப் பிரித்தாக வேண்டும். ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் நினைவகத்தில் 4 கோடியே 80 லட்சம் பைட் இடம் பிடிக்கும். திரையிலோ 1366க்கு 768 புள்ளிகளே உள்ளன. அதில் இந்தப் படம் 1024க்கு 768 என்ற அளவில்தான் அடங்கும். அதாவது ஏறக்குறைய 15 புள்ளிகளை 1 புள்ளியாகக் குறைக்க வேண்டும். ஒரு படத்திற்கே இவ்வளவு வேலை என்றால், காட்டாத ஆயிரம் படங்களுக்காகவும் உழைக்கும் நிரல் களைத்துப் போவதில் வியப்பென்ன?

சிஸ்டர் எங்களுக்கு அறிமுகப்படுத்திய நிரலின் பெயர் 'ஃபே'. சி மொழியில் எழுதப்பட்டது. கேட்ட படத்தைப் பிரித்துத் திரையில் காட்டுவதே அதன் முக்கிய வேலை. வண்ணப் பொத்தான்கள் கிடையாது. டெர்மினலில் கட்டளையைத் தட்டினால் படம் வரும். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நாங்கள் அதைத் திறந்தபோது முதல் வரிகளில் 1999 என்ற ஆண்டும் டாம் கில்பர்ட் என்ற பெயரும் இருந்தன. நாங்கள் பிறப்பதற்கு முன்பே ஒருவர் எழுதி, அவருக்குப் பின் பிறர் பேணி வளர்த்த உழைப்பு அது.

இதே நிரல் ஒரு வரிக் கட்டளையில் தயார் நிலையிலும் கிடைக்கும். பின் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். கடையில் இட்லி கிடைக்கிறது என்பதற்காக வீட்டில் மாவு அரைக்கக் கற்காமல் இருக்கிறோமா? மேலும், நாமே கட்டினால் வேண்டிய பகுதியைச் சேர்க்கலாம், வேண்டாததை விலக்கலாம்.

கட்டும் முறை

முதலில் சாமான்கள். மனிதர் எழுதிய சி மொழியைக் கணினி மொழியாக்கும் கம்பைலர் ஒன்று. வேலைகளை வரிசைப்படுத்தும் 'மேக்' என்ற நிரல் இரண்டு. படங்களைப் பிரிக்கவும் வரையவும் உதவும் 'இம்லிப்2' போன்ற லைப்ரரிகள் மூன்று. லைப்ரரி என்றால் பல நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்தப் பகுதி. எங்கள் கணினியில் இம்லிப்2 இருப்பதைப் பார்த்துவிட்டு, ஆர்வத்தோடு 'மேக்' என்று தட்டினோம்.

திரை முழுவதும் வரிகள் ஓடின. கடைசியில் 'எரர்' என்று வந்து நின்றது! எல்லாம் பாழாயிற்று என்று எங்களில் ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். சிஸ்டர் சிரித்தபடி, "கடைசி வரியைப் பார்த்து அழாதே, கண்ணு. முதல் தவறு எங்கே என்று மேலே போய்ப் படி" என்றார்கள். படித்தோம். இம்லிப்2 தொடர்பான தலைப்புக் கோப்பு ஒன்று இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. கீழே வந்தவை எல்லாம் அந்த ஒரு குறையின் விளைவே.

லைப்ரரி இருக்கும்போது தலைப்புக் கோப்பு ஏன் இல்லை? விடுதிச் சமையலறையில் சமையற்காரம்மா இருக்கிறார். ஆனால் என்னென்ன செய்து தருவார் என்ற பட்டியல் சுவரில் இல்லை. பட்டியல் இல்லாமல் எதைக் கேட்பது? தலைப்புக் கோப்புதான் அந்தப் பட்டியல். ஓடும் நிரல்களுக்கு லைப்ரரி மட்டும் போதும். புதிதாகக் கட்டுவோருக்கே பட்டியல் தேவை. ஆகையால் அது 'டெவ்' என்று முடியும் பெயரில் தனிப் பொதியாக வருகிறது. அதையும் நிறுவிய பின் 'மேக்' தடையின்றி ஓடிற்று.

மேக் நிரலை 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கினார். ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்து, மாறியதை மட்டும் மீண்டும் கட்டுவது அதன் சிறப்பு. அந்தச் சிறப்பே எங்களை ஒருமுறை ஏமாற்றியது. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதி வைக்கும் நாள், நேரம் முதலிய குறிப்புகளுக்கு 'எக்ஸிஃப்' என்று பெயர். அவற்றைக் காட்டும் பகுதி வேண்டும் என்றும், இணையத்திலிருந்து படம் இழுக்கும் 'கர்ல்' பகுதி வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். எக்ஸிஃப் லைப்ரரியையும் அதன் பட்டியலையும் நிறுவி, 'மேக் கர்ல்=0 எக்ஸிஃப்=1' என்று தட்டினோம். கோப்புகள் எதுவும் மாறவில்லையே என்று மேக் மீண்டும் எதையும் கட்டவில்லை! 'மேக் கிளீன்' என்று பழையதைத் துடைத்துவிட்டு மறுபடி தட்டிய பிறகுதான் புதிதாகக் கட்டியது.

நிறுவும் முறை

கட்டிய நிரலை உடனே நிறுவக் கூடாது. அது இருந்த இடத்திலேயே ஓட்டி, ஒரு படத்தைத் திறந்து பார்த்தோம். சரியாக வந்தது. அதன் பின் 'சூடோ மேக் இன்ஸ்டால்' என்ற கட்டளை. கணினியின் பொது இடத்தில் கோப்புகளை வைப்பதற்கு உரிய அதிகாரத்தைத் தருவது 'சூடோ'. அதற்கான கடவுச்சொல்லை சிஸ்டரே தட்டினார்கள். நிரலும் அதன் கையேடும் 'யூ.எஸ்.ஆர். லோக்கல்' என்ற கோப்புறைக்குள் உரிய இடங்களில் போய் அமர்ந்தன. மூலக் கோப்புறையை அழிக்காமல் வைத்திருக்கிறோம். என்றாவது நீக்க வேண்டுமானால் அங்கிருந்தே 'மேக் அன்இன்ஸ்டால்' என்று தட்டினால் போதும்.

பயன்படுத்துவது எளிது. நிரலின் பெயரோடு பெரிய 'எஃப்' சேர்த்தால் திரை முழுவதும் படம். பெரிய 'டி'யும் 5 என்ற எண்ணும் சேர்த்தால் 5 விநாடிக்கு ஒரு படம். இடைவெளிப் பொத்தான் அடுத்த படத்தைத் தரும். 'கியூ' நிரலை மூடும். ஓர் எச்சரிக்கை! 'கன்ட்ரோல்' பொத்தானோடு 'டெலீட்' அழுத்தினால் படம் கணினியிலிருந்தே அழிந்துவிடும். ஆகவே மூலப் படங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்தி, பிரதிகளையே பயன்படுத்த வேண்டும்.

பெற்றோர் தினத்தில்

அந்தப் பழைய கணினி அன்று ஒரு முறைகூட நிற்கவில்லை. கேமராவில் எடுத்த அண்மைக் காலப் படங்களுக்கு நாளும் நேரமும் காட்டினோம். ஸ்கேன் செய்த பழைய படங்களிலோ எடுத்த நாள் இல்லை, பெயரும் இல்லை. அப்போது முன் வரிசையில், ஓய்வு பெற்ற மூத்த சிஸ்டர் ஒருவர், "நிறுத்தும்மா!" என்றார்கள். 'எச்' பொத்தானை அழுத்தினோம். படம் நின்றது. இரட்டைப் பின்னலோடு நின்ற மாணவியரை ஒவ்வொருவராகச் சுட்டி, பெயரும் ஊரும் சொன்னார்கள். அரங்கமே அமைதியாயிற்று. கூட்டத்தில் ஒரு பாட்டி, "அது நான்தான் சிஸ்டர்!" என்று எழுந்து நின்றார்கள்.

மறுநாள் அதே சிஸ்டரைக் கணினி அறைக்கு அழைத்து வந்தோம். ஃபே நிரலில் 'சி' பொத்தானை அழுத்திப் படத்திற்குக் குறிப்பு எழுதும் வசதி உண்டு. அந்தக் குறிப்பு படத்தைத் தொடாமல், தனியே ஓர் எழுத்துக் கோப்பில் சேரும். அவர்கள் சொல்லச் சொல்ல, பெயர்களை ஆங்கில எழுத்துகளில் தட்டினோம். இப்போது வாரந்தோறும் இந்த வேலை நடக்கிறது. கேமரா எழுதாத குறிப்புகள் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆகவே நாங்கள் ஒரு வாரமும் தவறுவதில்லை.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் பெயரில்லாத பழைய படங்கள் இருக்கும். தாத்தா பாட்டியிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். தோழியரே, கணினியைக் கண்டு அஞ்ச வேண்டாம். தவறு வந்தால் முதல் வரியிலிருந்து பொறுமையாகப் படியுங்கள். சிறு காரியங்களை அன்போடு செய்வதே புனிதம் என்று காட்டிய குழந்தை இயேசுவின் புனித தெரேசாள், இந்தச் சிறு நிரலையும் ஆசீர்வதிப்பாராக!