இரவுப் பணியும் சாக்லேட்டும்: அறிய வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இரவுப் பணியாற்றுவோர் சிலர், உணவுக்கு மாற்றாகச் சாக்லேட் உண்கின்றனர். 100 கிராம் பால் சாக்லேட்டில் ஏறத்தாழ 535 கிலோ கலோரி ஆற்றலும், 50 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரையும், 30 கிராம் கொழுப்பும் உள்ளன. புரதமோ 8 கிராம் அளவே. ஆகவே 50 கிராம் சாக்லேட் ஒன்றிலேயே ஐந்து தேக்கரண்டிக்குக் குறையாத சர்க்கரை இருக்கும். உறையிலுள்ள அளவுகள் பெரும்பாலும் 100 கிராமுக்கானவை என்பதால், நிகர எடையையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். கடலை மிட்டாயிலும் வெல்லம் உண்டு. எனினும் நிலக்கடலையால் புரதம் கூடுதலாகக் கிடைக்கும்.

நீரிழிவு நோய்க்கு இன்சுலின் செலுத்திக்கொள்வோர் தனிக்கவனம் கொள்ள வேண்டும். பணியின்போது திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு ஏற்பட்டால் அது தாழ்சர்க்கரை நிலையாக இருக்கலாம். அப்போது பலர் சட்டைப்பையிலுள்ள சாக்லேட்டையே நாடுகின்றனர், இது தவறு. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். இயந்திரத்தை விட்டு விலகி, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகவும். 15 நிமிடங்களுக்குப் பின் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்து, 70 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பின் மீண்டும் பருகவும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாமல், உடனடியாக 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.