நீரிறைக்கும் இயந்திரத்தைப் புதுக்குங்கால் நிறைச் சமன்செய்தல் வேண்டுமா?

பேசாலை முதலிய மன்னார்த் தீவுக் கரையூர்களின் நிலம் மணற்பாங்கானது. நீரை நெடிது தேக்கி வைப்பதில்லை. கிணற்று நீரால் மிளகாய், கத்தரி முதலியவற்றைச் செய்கைபண்ணும் கமக்காரரின் இயந்திரம் சில நாள் நின்றாலும் பயிர் வாடும். பெருநிலப்பரப்பிற் கட்டுக்கரைக் குளத்தின்கீழ் நெல் விளைப்போருக்கும், குடலைப் பருவத்தில் நீர் இறைக்க நேரின் நிலைமை இதுவே. ஆதலின், இயந்திரத்தைக் கழற்றிப் புதுக்கும்போது அதன் சுழலும் உறுப்புகளின் நிறையைச் சமன்செய்யவும் பணம் செலவிடல் வேண்டுமா என்பதை அறிந்திருத்தல் நன்று.

சுழலும் சில்லின் ஒரு புறம் கனத்திருப்பின், அப்புறம் அச்சுத்தண்டை வெளியே இழுக்கும். நடுவிலிருந்து 5 சதமமீற்றர் தூரத்தில் 10 கிராம் மிகையாயிருந்தால், நிமிடத்திற்கு 1,500 சுற்றில் அவ்விழுப்பு ஏறக்குறைய 1¼ கிலோகிராம் எடைக்கு நிகராகும். 3,000 சுற்றில் அது நான்மடங்காகி 5 கிலோகிராமை எட்டும். இதனால் பேரிங் தேயும். நீர் ஒழுகத் தொடங்கும்.

சமன்செய்தல் வேண்டாத நிலை: கழற்றிய உறுப்புகளையே முன்னிருந்த இடத்திற் பூட்டி, பேரிங், வளையம் போன்றவற்றை மாத்திரம் மாற்றும்போது இச்செலவு வீண். கழற்றுமுன் உறுப்புகள் இருந்த நிலையை அடையாளமிடுக.

சமன்செய்ய வேண்டிய நிலைகள்:

1. நீரை வீசும் இம்பெல்லர் மணலால் தேய்ந்தோ உப்பால் அரிக்கப்பட்டோ ஒரு புறம் குறைந்திருத்தல்.

2. சுழலும் உறுப்பை ஒட்டியோ கடைந்தோ திருத்தியிருத்தல். வெடிப்புற்ற பாரச்சில்லை ஒட்டுதல் ஆபத்தானது, அதனை மாற்றுக.

3. புதிய பிஸ்டனின் நிறை பழையதினின்றும் வேறுபடுதல். இரண்டையும் தராசிலிட்டுப் பார்க்க.

இம்பெல்லரைச் சோதிக்கும் முறை எளிது. அதனை நேரான உருளைக் கம்பியில் இறுகப் பொருத்தி, மட்டமாக வைத்த இரு மெல்லிய இரும்புச் சட்டங்களின்மேல் மெதுவாக உருட்டுக. ஒவ்வொரு முறையும் ஒரே புறம் கீழ்வந்து நின்றால் அப்புறம் கனமானது. வெவ்வேறு புறங்களில் நின்றால் குறையில்லை. மிகையைக் கடைசற் பட்டறையில் வட்டத்தகட்டிலிருந்து நீக்குவிக்க. இதழ்களை அராவுதல் ஆகாது. தேய்வு மிகுந்திருப்பின் புதியது வாங்குதலே சிக்கனம்.

எல்லா அதிர்வையும் நீக்கிவிடலாமென எண்ணற்க. 1957 இல் செருமனியில் முதன்முதல் ஓடிய வாங்கெல் சுழலி இயந்திரத்தில் பிஸ்டன் மேலுங்கீழும் ஓடுவதில்லை. ஆகவே எதிர்ப்பாரங்களால் அதனை நன்கு சமன்செய்யலாம். ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்திலோ மேலுங்கீழும் ஓடும் பிஸ்டனின் விசையை எதிர்ப்பாரம் ஒரு பகுதியே தணிக்கும். அளவான அதிர்வு அதன் இயல்பு.

முன்னில்லாத அதிர்வு தோன்றினால், முதலில் செலவில்லாதவற்றைப் பார்க்க: இயந்திரம் மணலிற் புதைந்து சாய்ந்துள்ளதா, ஆணிகள் தளர்ந்துள்ளனவா, இம்பெல்லரிற் குப்பை அடைத்துள்ளதா, தண்டு வளைந்துள்ளதா? இவை செவ்வையாயிருந்தும் அதிர்வு நீங்காவிடின் சமன்செய்தலை நாடுக. இவ்வேலையைப் பயிர் நிலத்தில் இல்லாத காலத்திலேயே முடித்துக்கொள்ளுதல் அறிவுடைமையாகும்.