விருப்பப் பரீட்சையும் தவறிப்போன திகதியும்

நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க வேண்டும் என்பது அவரது ஆசை. உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் நல்ல பெறுபேறு. நுவரெலியா மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளியையும் அவரது இசட் புள்ளி தாண்டிவிட்டது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் கட்டடக்கலையைத்தான் முதல் விருப்பமாகப் போட்டிருந்தார். இருந்தும் தெரிவுப் பட்டியலில் அந்தக் கற்கைநெறிக்கு அவர் பெயர் வராது. உளச்சார்புப் பரீட்சைக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. அப்படியொரு பரீட்சை இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இது கற்பனைப் பிள்ளைதான். விதி உண்மையானது.

கட்டடக்கலை, வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, உடற்கல்வி, சங்கீதம், நடனம், கட்புலக் கலை எனச் சில கற்கைநெறிகளுக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. அந்தந்தப் பல்கலைக்கழகம் தானே நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலோ செய்முறைப் பரீட்சையிலோ சித்தியடைய வேண்டும். சித்தியடைந்தவர்களுக்குள் பெரும்பாலும் இசட் புள்ளிப்படியே தெரிவு நடக்கும். சிக்கல் எங்கே என்றால், இந்தப் பரீட்சைக்கான விண்ணப்பம் ஆணைக்குழுவின் பொது விண்ணப்பத்தோடு சேர்ந்து வருவதில்லை. பல்கலைக்கழகம் வேறாக விளம்பரம் போடும், திகதியும் வேறு. இரண்டு இடத்திலும் விண்ணப்பித்தவருக்குத்தான் கதவு திறக்கும்.

மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், யாழ்ப்பாணத்து இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மேளம் கேட்டும் காமன் கூத்து பார்த்தும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே இடமுண்டு. அதற்குத் தனியாக ஒரு விண்ணப்பம் வேண்டும் என்பது தெரிந்தால்தான் அந்த இடம் அவர்களுக்குக் கிட்டும்.

‘கணக்கில் வராத’ பாடங்கள்

உயர்தர மாணவர்கள் மூன்று பிரதான பாடங்களோடு பொதுச் சாதாரண பரீட்சைக்கும் பொது ஆங்கிலத்துக்கும் தோற்றுகிறார்கள். இவை இரண்டும் இசட் புள்ளியில் சேர்வதில்லை. அதனால் ‘சும்மா எழுதினால் போதும்’ என்ற பேச்சு வகுப்பறைகளில் சாதாரணம். இந்த இரண்டும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி எடுக்காவிட்டால், மூன்று பாடங்களிலும் ‘ஏ’ எடுத்தவருக்கும் பல்கலைக்கழக அனுமதித் தகுதி கிடையாது. பொது ஆங்கிலத்துக்கு அப்படியொரு பொதுத்தடை இல்லை. ஆனால் சில கற்கைநெறிகள் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறிப்பிட்ட தரத்தைக் கேட்கின்றன. அது சாதாரண தரப் பெறுபேறாகவும் இருக்கலாம். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் போன்ற துறைகளில் விரிவுரையே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். பதினாறு வயதில் கைவிட்ட பாடம் இருபது வயதில் முதலாம் ஆண்டுப் பரீட்சையில் எதிரே வந்து நிற்கும்.

அடிப்படைத் தகுதியையும் இங்கே சொல்லிவிடலாம். மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் குறைந்தது ‘எஸ்’ சித்தி வேண்டும். முதல் மூன்று தடவைகளில் பெற்ற பெறுபேறு மட்டுமே பல்கலைக்கழக அனுமதிக்குச் செல்லும்.

அமெரிக்காவில் நடந்தது

‘விரும்பினால் காட்டு, விரும்பாவிட்டால் விடு’ என்ற ஏற்பாடு யாருக்கு நன்மை தருகிறது என்ற கேள்வியை அமெரிக்கா பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாக எஸ்.ஏ.டி. என்ற பொதுப் பரீட்சைப் புள்ளிகளைக் கேட்டு வந்தன. போடன் கல்லூரி 1969 இலேயே அதை விருப்பத்துக்கு விட்டது. 2020 இல் கொரோனா பரவியபோது பரீட்சை மண்டபங்கள் மூடப்பட, ஏராளமான பல்கலைக்கழகங்கள் அதே வழியில் போயின. வசதியற்ற பிள்ளைகளுக்கு இது உதவும் என்று நம்பியவர்கள் பலர்.

டார்ட்மவுத் கல்லூரி நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. பின்தங்கிய சூழலிலிருந்து விண்ணப்பித்த மாணவர்கள் பலர், தமது புள்ளி போதாது என்று தாமே முடிவுகட்டி அதை அனுப்பாமல் விட்டிருந்தனர். அவர்களுடைய பாடசாலைச் சூழலோடு வைத்துப் பார்த்தால், அனுமதிக்கு உதவியிருக்கக்கூடிய புள்ளிகள் அவை. 2024 பெப்ரவரியில் டார்ட்மவுத் அந்தப் பரீட்சையை மீண்டும் கட்டாயமாக்கியது. எம்.ஐ.டி. 2022 இலேயே அப்படிச் செய்திருந்தது. கலிபோர்னியா அரச பல்கலைக்கழகங்களோ இன்றும் அந்தப் புள்ளிகளைப் பார்ப்பதில்லை. பரீட்சை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் அங்கே முடியவில்லை. எதை அனுப்பலாம், எதை விடலாம் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இருந்த பிள்ளை தப்பியது. இல்லாத பிள்ளை தவறவிட்டது. மலையகத்துக்கு அமெரிக்கா தரும் பாடம் இவ்வளவுதான்.

ஒரே புள்ளி, இருபத்தைந்து கோடுகள்

இசட் புள்ளி இலங்கையில் 2001 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஒரு மாணவர் ஒரு பாடத்தில் பெற்ற புள்ளி, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதை அது அளக்கிறது. மூன்று பாடங்களுக்கும் அப்படிக் கணித்துச் சராசரி எடுப்பார்கள். கடினமான வினாத்தாள் வந்த பாடத்தைப் படித்தவர் நட்டப்படக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

அதன் பிறகு மாவட்டம் உள்ளே வருகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் சனத்தொகைக்கேற்ப 25 மாவட்டங்களுக்கும், 5 இடங்கள் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. நுவரெலியா அந்த 16 இல் ஒன்று. பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியனவும் அதில் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. ஆகவே ஒரே நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் இரண்டு தாய்மாரின் பிள்ளைகள், ஒருவர் நாவலப்பிட்டியிலும் மற்றவர் கினிகத்தேனையிலும் படித்தால், வேறு வேறு கோட்டில்தான் நிற்பார்கள். இடையில் மாவட்ட எல்லை ஓடுகிறது.

‘தரப்படுத்தல்’ என்ற சொல் 1970களின் தொடக்கத்திலிருந்து தமிழரிடையே ஆறாத காயம். முதலில் மொழிவாரியாகவும் பின்னர் மாவட்ட ஒதுக்கீடாகவும் வந்த அந்த முறைகளால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழக இடங்களை இழந்தனர். அன்றைய தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சண்டை தூரத்து இடிமுழக்கம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமை இழந்த குடும்பங்களுக்கு உயர்தர வகுப்பே எட்டாத இடத்தில் இருந்தது. இன்று அதே மாவட்ட ஒதுக்கீடு நுவரெலியாவுக்கு ஒரு திறந்த கதவு. ஆனால் அது மாவட்டத்துக்கான ஒதுக்கீடு. தோட்டத்துக்கென்று அதில் தனிப் பங்கு கிடையாது. நகரத்துப் பாடசாலையும் தோட்டப் பாடசாலையும் ஒரே வரிசையில்தான் போட்டியிடுகின்றன. தமிழ்மொழியில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளை முழுமையாக நடத்தும் பாடசாலைகள் மலையகத்தில் குறைவு என்பதால், மருத்துவ, பொறியியல் இடங்களுக்குப் போட்டியிடும் தோட்டப் பிள்ளைகளின் எண்ணிக்கையே சிறியது.

எங்கெங்கே வழுக்கும்

முதலாவது, மாவட்டம். ஒருவர் எந்த மாவட்டத்தின் கீழ் கணிக்கப்படுவார் என்பதற்கு, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவர் படித்த பாடசாலை எங்கே என்பதே முக்கிய ஆதாரம். யட்டியாந்தோட்டையிலிருந்தோ கம்பளையிலிருந்தோ உயர்தரத்துக்காக ஹட்டனுக்கு வரும் பிள்ளை, வந்து சேர்ந்ததாலேயே நுவரெலியா மாவட்டத்தவர் ஆகிவிட மாட்டார். வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துக்குப் பெயரளவில் பதிவை மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர்களை நம்பினால் நிலைமை இன்னும் மோசம். பொய்த் தகவல் பின்னர் வெளிப்பட்டால் கிடைத்த அனுமதியும் போகும்.

இரண்டாவது, விருப்ப வரிசை. விண்ணப்பத்தில் கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த குறியீடுகளை வரிசைப்படுத்த வேண்டும். ‘இது எனக்கு வராது’ என்று தாமே தீர்மானித்து நல்ல கற்கைநெறியைக் கீழே தள்ளுவது டார்ட்மவுத் கதையின் மலையக வடிவம். வெட்டுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன ஆண்டுக் கோடு இந்த ஆண்டுக்கு உத்தரவாதமும் இல்லை, தடையும் இல்லை. உண்மையில் விரும்பும் வரிசையில் போடுவதே சரி. கிடைத்ததில் பதிந்துவிட்டு அடுத்த ஆண்டு மாறிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் ஆபத்து. பதிந்தவருக்கு மறுபடி விண்ணப்பிக்கும் வாய்ப்பை ஆணைக்குழுவின் அனுமதிக் கையேடு கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது.

மூன்றாவது, கடிதம். லயங்களில் பல குடும்பங்களுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வரும் தபால் தோட்ட ஆபீஸில் தங்கி, யாராவது எடுத்துக்கொண்டு மேலே வரும்போது திகதி கடந்திருக்கலாம். விண்ணப்பத்தில் நம்பகமான தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் கொடுத்து, அவற்றைத் தினமும் பார்ப்பது இதற்கு ஓரளவு மாற்று. கடையில் இருப்பவரின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டு வரவே கூடாது. கடவுச்சொல்லும் அவர் கையிலேயே தங்கிவிடும்.

நான்காவது, இடைத்தரகர். 2022 உயர்தரப் பரீட்சையில் 1,66,000க்கும் அதிகமானோர் பல்கலைக்கழகத் தகுதி பெற்றனர். அரச பல்கலைக்கழகங்களில் இடம் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான். மிஞ்சியவர்களைத் தேடி வரும் ‘பட்டப்படிப்பு’ விளம்பரங்களில் எல்லாமே பட்டம் அல்ல. பணம் கட்டுமுன், அந்த நிறுவனமும் அந்தப் பட்டமும் அரச அங்கீகாரம் பெற்றவையா என்று பார்க்க வேண்டும். அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டமும் உண்டு; அது அங்கீகாரம் பெற்ற சில அரச சார்பற்ற நிறுவனங்களின் பட்டங்களுக்கே பொருந்தும். உயர்தரத்தில் தவறியவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் இன்னொரு வழி. அதன் பிராந்திய நிலையம் கண்டியில் இயங்குகிறது. உயர்தரச் சித்தி இல்லாமலும் அடிப்படைக் கற்கைநெறியிலிருந்து தொடங்கலாம்.

தவறு நடந்தால்

புள்ளியில் சந்தேகம் இருந்தால் பரீட்சைத் திணைக்களத்துக்கு விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். பெறுபேறு வெளியாகும்போதே இறுதித் திகதியும் அறிவிக்கப்படும். பல்கலைக்கழகத் தெரிவில் பிழை என்றால் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் மேன்முறையீடு செய்ய வேண்டும். அதற்கும் கால எல்லை உண்டு. தமிழில் எழுதித் தமிழில் பதில் கேட்பது சலுகை அல்ல, அரசியலமைப்பு தரும் உரிமை.

காரணம் சொல்ல மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். தமது விண்ணப்பம் எந்த மாவட்டத்தின் கீழ் கணிக்கப்பட்டது, எந்த விதிப்படி நிராகரிக்கப்பட்டது என்று கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

அதற்கும் மேலே உயர் நீதிமன்றம். அடிப்படை உரிமை மீறப்பட்டதாக அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் மனுச் செய்ய ஒரு மாத அவகாசமே உண்டு. கொழும்பில் சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாத குடும்பத்துக்கு அந்த ஒரு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. இந்தப் பாதுகாப்பை 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் தருகிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

நீதிமன்றம் வரை போவதால் பயனில்லை என்று நினைப்பவர்கள் 2011 உயர்தரத்தை நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்களும் புதிய பாடத்திட்டத்தில் படித்தவர்களும் வேறு வேறு வினாத்தாள் எழுதினர். இருதரப்பையும் ஒரே தொகுதியாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். மாணவர்கள் வழக்குப் போட்டனர். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பை இரத்துச் செய்ய, இரண்டு தொகுதிகளுக்கும் தனித்தனியாகப் புள்ளி மீண்டும் கணிக்கப்பட்டது.

இந்த ஆண்டு சாதாரண தரப் பெறுபேற்றோடு உயர்தர வகுப்பு தேடும் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகிற விடயங்கள் போலத் தோன்றலாம். மாவட்டக் கணக்கு அவர்களுக்கு ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது. பாடசாலை மாறுவதானால், முந்திய பாடசாலையில் சேர்ந்த திகதியும் விட்ட திகதியும் உள்ள விடுகைப் பத்திரத்தின் பிரதி ஒன்றை எடுத்து, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே உறையில் போட்டு வைக்கட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேடு ஆண்டுதோறும் தமிழிலும் வருகிறது. பாடம் தெரிவு செய்யுமுன் சென்ற ஆண்டுப் பிரதியை ஆசிரியரிடமோ மேல் வகுப்பு அண்ணன், அக்காவிடமோ வாங்கி, உளச்சார்புப் பரீட்சை தேவைப்படும் கற்கைநெறிகளின் பட்டியலை ஒரு முறை விரலால் தொட்டுப் படித்துவிடலாம்.