நன்றி சொன்னார்கள்... நன்மை நடந்ததா?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டி கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று இரண்டு ஊர்கள். 1930-களில் அங்கே தொழிற்சாலைகளும் நெருக்கியடித்த வீடுகளுமாக இருந்த பகுதிகளில், பையன்கள் தடம் மாறிப் போகாமல் காக்க ஒரு திட்டம் தீட்டப்பட்டது. சமூகப் பணி படிக்கிறவர்களும் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

திட்டத்தின் தந்தை டாக்டர் ரிச்சர்ட் கிளார்க் கேபட். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1905-லேயே சமூகப் பணியாளரைக் கொண்டுவந்தவர். நோயாளியின் வீட்டு நிலைமை தெரியாமல் மருந்து மட்டும் எழுதிக் கொடுத்து என்ன பயன் என்று கேட்டவர். அதே மனிதர் 1912-ல் இன்னொரு காரியம் செய்தார். 3,000 பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை எடுத்து, நோயாளி உயிரோடு இருந்தபோது டாக்டர்கள் சொன்ன நோயோடு ஒப்பிட்டார். எந்தெந்த நோயில் கணிப்பு எவ்வளவு தவறியது என்பதை ஒளிக்காமல் வெளியிட்டார். 1931-ல் அமெரிக்க சமூகப் பணி மாநாட்டுக்குத் தலைமை ஏற்றபோது சமூகப் பணியாளர்களிடம் அவர் வைத்த கோரிக்கையும் அதுதான்: உங்கள் உழைப்பின் பலனை அளந்து பாருங்கள்.

அப்படி அளக்கும் வகையிலேயே தன் திட்டத்தையும் அமைத்தார். வயது, குடும்பப் பின்னணி, அக்கம்பக்கம், சுபாவம் என எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற பையன்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். முரட்டுப் பையன்களோடு சாதாரணப் பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள், திட்டத்தில் இருந்தாலே கெட்ட பெயர் என்று ஆகிவிடக் கூடாதே! ஜோடியில் யாருக்கு உதவி என்பதை ஒரு நாணயம் முடிவு செய்தது. பூவா தலையா போட்டு ஒருவன் உதவிக் குழுவுக்குப் போனான். மற்றவன் ஒப்பீட்டுக் குழுவில் நின்றான். கேபட் 1939-ல் இறந்தார். பணி 1945 வரை தொடர்ந்தது. போர்க்காலத்தில் ஆலோசகர்கள் குறைந்ததால் சிலரைத் திட்டத்திலிருந்து விடுவிக்க நேர்ந்தது. அப்போதும் ஒருவனை விடுவித்தால் அவன் ஜோடியையும் கணக்கிலிருந்து எடுத்தார்கள். கடைசியில் பக்கத்துக்கு 253 பேர், மொத்தம் 506 பேர்.

உதவி என்றால் பெயருக்கு அல்ல. மாதம் சராசரியாக இரண்டு முறை ஆலோசகர் வீட்டுக்கு வந்தார். பாதிப் பேருக்கு மேல் தனிப்பாடம், 100 பேருக்கு மேல் மருத்துவ, மனநல உதவி, கால்வாசிப் பேருக்குக் கோடை முகாம். இது சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. ஒவ்வொரு சந்திப்பையும் ஆலோசகர்கள் விரிவாகக் குறிப்பெழுதி வைத்தார்கள். இன்று நம் ஊரில் எந்தத் திட்டத்தில் ஒரு சிறுவனுக்கு இவ்வளவு கிடைக்கிறது?

முதல் மதிப்பீடு 1951-ல் புத்தகமாக வந்தது. குற்றங்களைப் பொறுத்தவரை இரு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பையன்கள் வளர்ந்தபின் பலன் தெரியலாம் என்ற நம்பிக்கை மிச்சம் இருந்தது.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர் ஜோன் மெக்கார்டு. பின்னாளில் அமெரிக்கக் குற்றவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானவர். 30 ஆண்டுகள் கழித்து, நடுவயதை எட்டியிருந்த அந்த ஆண்களை அவருடைய குழு தேடிப் பிடித்தது. ஊர் முகவரிப் புத்தகம், வாகனப் பதிவு, திருமணப் பதிவு, மரணப் பதிவு என ஒன்றையும் விடவில்லை. உதவி பெற்றவர்களிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குப் பேர் ‘திட்டம் எனக்கு நன்மை செய்தது’ என்றார்கள். பலர் தங்கள் ஆலோசகரைப் பாசத்தோடு நினைவுகூர்ந்தார்கள்.

மெக்கார்டு பேட்டியோடு நிறுத்தியிருந்தால், உலகெங்கும் பின்பற்ற வேண்டிய வெற்றிக்கதையாக இது அச்சேறியிருக்கும். அவர் ஆவணங்களைப் புரட்டினார். இரண்டாம் முறை குற்றம் செய்வது, குடிநோய், கடுமையான மனநோய், இளவயது மரணம் எல்லாமே உதவி பெற்ற குழுவில்தான் அதிகம். ஒப்பீட்டுக் குழுவை விட அவர்கள் மேம்பட்டிருந்ததாக ஓர் அம்சம்கூடத் தென்படவில்லை. 1978-ல் இது வெளிவந்தது.

தற்செயலாக இருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்கும் வழி இருந்தது. உதவியே தீங்குக்குக் காரணம் என்றால், உதவி கூடக்கூடத் தீங்கும் கூட வேண்டும். நீண்ட காலம், தீவிரமாக உதவி பெற்றவர்களிடமும், ஆலோசகரோடு நன்றாக ஒத்துழைத்த குடும்பத்துப் பிள்ளைகளிடமும்தான் பாதிப்பு தெரிந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குப் போனவர்கள் நிலை இன்னும் மோசம். தடம் மாறும் வயதில் பையன்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஒருவன் அடாவடிக்கு இன்னொருவன் கைதட்டுவான் என்பது ஒரு விளக்கம். வெளியாள் தயவில் சாய்ந்து பழகியவர்கள் அது நின்றதும் தடுமாறினார்கள் என்பது இன்னொன்று. இவை ஊகங்கள்தான். தீங்கு நடந்தது என்பது மட்டும் ஆவணங்களில் இருக்கிறது.

அந்த ஆலோசகர்கள் அக்கறையோடு உழைத்தவர்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அக்கறை இருந்தும் தீங்கு நடக்கும் என்றால், அதைக் கண்டுபிடிக்க ஒப்பீடு தவிர வேறு வழியில்லை. பயனாளி சொல்லும் நன்றி உறவின் ஆழத்தைக் காட்டும். உதவி இல்லாவிட்டால் அவர் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்பதை அவராலேயே சொல்ல முடியாது.

நம் ஊர் தொண்டு நிறுவன அறிக்கைகளில் ‘இத்தனை பயனாளிகள், இத்தனை முகாம்கள்’ என்ற கணக்கும், சிரித்த முகத்தோடு ஒரு சிறுமியின் படமும் இருக்கும். ஒப்பீடு அநேகமாக இருக்காது. பாதிப் பேருக்கு உதவியை மறுப்பது பாவம் இல்லையா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 100 பேருக்கான பணத்தோடு 300 பேர் வசிக்கும் இடத்துக்குப் போகிற நிறுவனம் ஏற்கெனவே 200 பேருக்கு மறுத்துக்கொண்டுதான் இருக்கிறது. தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்ட இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் நடத்துகிறோமே, அதுபோல இங்கும் குலுக்கலாம். யாருக்கும் சிபாரிசு தேவைப்படாது. நேர்மையான ஒப்பீட்டுக் குழுவும் கிடைத்துவிடும்.

அடுத்த முறை நன்கொடைச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன், எதிரில் இருப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: ‘உங்கள் உதவி கிடைக்காத, இதே நிலையில் இருந்த பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?’ பதில் தெரியாது என்றால் பணத்தை மறுக்க வேண்டாம். அதில் ஒரு பங்கை அந்தப் பதிலைத் தேடுவதற்காகவே ஒதுக்கச் சொல்லுங்கள்.